மலையிடம் தோற்ற அளவுச் சங்கிலி

சர்க்கரைத் தீவுகள் – பகுதி 9

சென்ற பகுதியை பார்படோஸில் முடித்தோம். 1627 இல் ஆங்கிலேயர் குடியேறிய அந்தத் தீவில், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் பெருங்காடு என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. கரும்பு, அதைத் தாண்டினால் மறுபடி கரும்பு. தீவின் உச்சியே சுமார் 340 மீட்டர்தான். கப்பலிலிருந்து அடிமையாக இறக்கப்பட்ட ஓர் ஆப்பிரிக்கர் தப்பி ஓட நினைத்தால், அடுத்த முதலாளியின் தோட்டத்துக்குள்தான் ஓட வேண்டியிருக்கும்.

இந்த முறை டொமினிக்கா. ஹெய்ட்டியை ஒட்டியுள்ள டொமினிக்கன் குடியரசு வேறு, இது வேறு. செய்தித்தாள்களே அவ்வப்போது குழப்பிவிடுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குவாதலூப்புக்கும் மார்ட்டினீக்குக்கும் நடுவில் கிடக்கும் தனித்தீவு. வடக்கே உள்ளதும் தெற்கே உள்ளதும் இன்றும் பிரான்ஸின் ஆட்சியில் இருக்கின்றன. டொமினிக்காவின் நீளம் சுமார் 47 கிலோமீட்டர், அகலம் 26, பரப்பு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். பார்படோஸைவிடப் பெரியது. அப்படியிருந்தும் கொலம்பஸ் கண்ணில் பட்டு 270 ஆண்டுகள் வரை எந்த ஐரோப்பிய அரசாலும் இதை முறைப்படி சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை. அதன்பிறகு வாங்கியவர்களும் கரும்பு போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அரசர்கள், உடன்படிக்கைகள், போர்கள் என்று இதற்குக் காரணம் அடுக்கும் நூல்கள் உண்டு. எனக்கு அவை எல்லாம் இரண்டாம் காரணங்கள். முதல் காரணம் சரிவு.

அட்லாண்டிக் கடலடித் தட்டு கரீபியத் தட்டுக்குக் கீழே ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வேகத்தில் நுழைந்துகொண்டிருக்கிறது. அது உள்ளே போய் உருகவைக்கும் பாறைக் குழம்பு மேலே வந்து எழுப்பியவைதாம் கிரெனடாவிலிருந்து வடக்கே வளைந்து செல்லும் எரிமலைத் தீவுகள். அந்த வளைவில் பெரும்பாலான தீவுகளுக்கு உயிரோட்டமுள்ள எரிமலை ஒன்றுதான். டொமினிக்காவுக்கு ஒன்பது. வடக்கே மோர்ன் டியாப்லோட்டன் 1,447 மீட்டர். அதற்குத் தெற்கே மோர்ன் துருவா பிட்டோன் உள்ளிட்ட முகடுகள் வரிசையாக நிற்கின்றன. கடற்கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே போவதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடும் நிலம் அது. ஸ்பெயின் அரசவையில் தீவின் தோற்றத்தைக் கேட்டபோது கொலம்பஸ் ஒரு காகிதத்தைக் கசக்கி மேசைமேல் போட்டார் என்று ஒரு கதை உண்டு. இதே கதையை வேறு மலைத்தீவுகளுக்கும் சொல்கிறார்கள், ஆகவே நான் அதை நம்புவதில்லை. உவமை மட்டும் பழுதில்லை.

கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து இந்த முகடுகளில் மோதுகிறது. உள்மலையில் ஆண்டு மழை 7,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. மலையின் மறைவில் இருக்கும் மேற்குக் கரையில் அதில் கால்பங்குகூடத் தேறாது. பெய்த நீர் அத்தனையும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் கடலில் விழுந்தாக வேண்டும். எனவே ஆறுகள் குட்டையானவை, ஆழமாக அறுப்பவை. ஆண்டின் நாளுக்கு ஓர் ஆறு என்று 365 ஆறுகள் இருப்பதாக உள்ளூரார் பெருமையாகச் சொல்வார்கள். யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் கரையோரமாக ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்க முயன்றவர்களுக்கு அந்தக் கணக்கு மிகையாகப் பட்டிருக்காது. ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பள்ளத்தாக்கு, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் இருபுறம் செங்குத்துச் சுவர். நிலம் சமதளமாகக் கிடைப்பது ஆறு கடலில் சேரும் வாய்களில் மட்டும்தான், அதுவும் கைக்குட்டை அகலத்துக்கு.

பூமிக்கடியில் இன்னும் சூடு தணியவில்லை. தீவின் தெற்குப் பாதியில் கொதிக்கும் ஏரி ஒன்று இருக்கிறது. சுமார் 60 மீட்டர் அகலம், நடுவில் எப்போதும் குமுறல், மேலே நீராவி. 1870 இல் எட்மண்ட் வாட் என்பவரும் மருத்துவர் ஹென்றி ஆல்ஃபிரட் நிக்கல்ஸும் அதைக் கண்டு எழுதிய பிறகுதான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. பிரிட்டன் தீவைப் பெற்று நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது அப்போது! தலைநகர் ரோசோவிலிருந்து நேர்கோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில், ஒரு கொதிக்கும் ஏரி இருப்பதை ஆட்சியாளர்கள் நூறு ஆண்டுகள் அறியாமல் இருந்திருக்கிறார்கள். காட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. பதினேழு கப்பல்களோடு இரண்டாம் பயணம் வந்த கொலம்பஸ் விடியற்காலையில் இந்த மலைகளைக் கண்டார். கிழமையையே பெயராக வைத்தார். அவர் வந்தடைந்தது கிழக்குப் பக்கம். அட்லாண்டிக் அலை நேராகப் பாறையில் அறையும் பக்கம். நங்கூரமிட இடம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், வடக்கே தட்டையாகத் தெரிந்த மரி-காலாந்த் தீவுக்குப் போய்விட்டார். டொமினிக்காவின் வரலாற்றில் ஐரோப்பியர் செய்த முதல் காரியம், இறங்க முடியாமல் திரும்பியது.

தீவில் இருந்தவர்கள் கலினாகோ மக்கள். ஐரோப்பிய நூல்கள் இவர்களை 'காரிப்' என்று அழைத்து, மனித இறைச்சி தின்பவர்கள் என்ற பழியையும் ஒட்டிவைத்தன. அடிமையாகப் பிடிக்க அந்தப் பழி வசதியாக இருந்தது. இவர்களின் கைவண்ணம் படகில் தெரியும். கோமியே என்ற காட்டு மரத்தின் பருத்த அடிமரத்தைக் குடைந்து, கல்லும் நீரும் நிரப்பி, நெருப்பின் சூட்டில் மெல்ல அகலப்படுத்திச் செய்வார்கள். அந்தப் படகில் தீவு விட்டுத் தீவு போவது அவர்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோல. டொமினிக்காவின் மலை அவர்களுக்குக் காவல், கடல் பாதை. வந்தவர்களுக்கு இரண்டும் நேர்மாறாக அமைந்தன.

பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் ஸ்பானியக் கப்பல்கள் மேற்குக் கரையின் அமைதியான விரிகுடாவில் குடிநீரும் விறகும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆங்கிலேயரும் அப்படியே. வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை நிறுவப் போன கப்பல்கள் 1607 மார்ச்சில் இங்கே நின்றன. கலினாகோ மக்கள் படகில் வந்து அன்னாசியும் புகையிலையும் கொடுத்து, கத்தியும் கோடரியும் வாங்கிப் போனதை அந்தப் பயணத்தில் இருந்த ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்திருக்கிறார். உடைந்துபோன ஸ்பானியக் கப்பல்களிலிருந்து எடுத்த துணியும் அவர்களிடம் தாராளமாக இருந்ததாம். கையேந்தி நின்றவர்களின் பேரம் அல்ல அது.

1627 இல் இங்கிலாந்து அரசர் கார்லைல் பிரபுவுக்கு எழுதிக்கொடுத்த தீவுகளின் பட்டியலில் டொமினிக்காவும் இருந்தது. சில ஆண்டுகளில் பிரெஞ்சு அரசும் அதே தீவைத் தன் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது. இரண்டும் ஏட்டுச் சுரைக்காய். 1642 முதல் சில ஆண்டுகள் ரெமோன் பிரெத்தோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கலினாகோ மக்களோடு தங்கினார். மதம் மாற்றியது மிகக் குறைவு. ஆனால் அவர்கள் மொழியைக் கற்று எழுதிய அகராதி 1665 இல் அச்சாயிற்று. அந்த மக்களின் சொற்கள் இன்று நமக்குக் கிடைப்பதற்கு அவரே பெருங்காரணம். 1660 இல் குவாதலூப்பின் பாஸ்-தேரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கூடி, டொமினிக்காவையும் செயின்ட் வின்சென்டையும் கலினாகோ மக்களுக்கே விட்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் சிரிக்கலாம். பிடிக்க முடியாததை விட்டுக்கொடுத்தார்கள்.

விட்டுக்கொடுத்தபின் சும்மா இருந்தார்களா? 1670-களின் நடுவில் ஆங்கிலப் படை ஒன்று மேற்குக் கரை ஊர் ஒன்றில் புகுந்து கலினாகோ மக்களைக் கொன்று குவித்தது. கொல்லப்பட்டவர்களில் ஒருவர் தாமஸ் வார்னர். செயின்ட் கிட்ஸின் ஆங்கில ஆளுநருக்கும் கலினாகோப் பெண்ணுக்கும் பிறந்தவர். படையை நடத்தியவர் அவருடைய தந்தையின் இன்னொரு மகன், ஃபிலிப் வார்னர். அந்த ஊரின் பெயர் இன்றும் 'மசாக்கர்', படுகொலை. ரோசோவில் பிறந்த ஜீன் ரீஸ் தன் 'வைட் சர்காசோ சீ' நாவலில் அந்தப் பெயரை மறக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்.

பிறகு மெதுவாக, உடன்படிக்கை எதுவும் கேட்காமல் வந்து சேர்ந்தவர்கள் மார்ட்டினீக், குவாதலூப் தீவுகளின் ஏழைப் பிரெஞ்சுக்காரர்கள். முதலில் மரம் வெட்டினார்கள், பின்பு ஆற்று வாயோரங்களில் சிறுசிறு காப்பித் தோட்டம் போட்டார்கள். கூடவே சில அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். காப்பிக்குச் சரிவு தொந்தரவில்லை. பெரிய ஆலையும் வேண்டாம். 1748 உடன்படிக்கையில் தீவு மறுபடி நடுநிலை என்று அறிவிக்கப்பட்டபோது, காகிதத்தில் கலினாகோ நாடாகவும் கரையில் பாதி பிரெஞ்சு ஊராகவும் இருந்தது. தீவு இன்றும் பேசும் பிரெஞ்சுக் கிரியோல் வேர்விட்டது அப்போதுதான். அதன்பின் இரு நூற்றாண்டு ஆங்கில ஆட்சியால் அதை அசைக்க முடியவில்லை.

1761 இல் ரோலோ பிரபுவின் படை தீவைப் பிடித்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கை அதை பிரிட்டனுக்குக் கொடுத்தது. இங்கிருந்துதான் நம் கதையின் வேடிக்கை ஆரம்பம்.

லண்டனுக்குப் பணம் வேண்டும். ஏழாண்டுப் போரின் கடன் கழுத்தை நெரித்தது. புதிதாகக் கிடைத்த தீவுகளின் நிலத்தைத் துண்டு போட்டு விற்க ஆணையர்களை அனுப்பினார்கள். தலைமை வில்லியம் யங். ஜான் பையர்ஸ் தலைமையில் நில அளவையாளர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். 1776 இல் வெளியான அந்த வரைபடத்தைப் பார்த்தால் அழகாக இருக்கும். தீவு முழுவதும் நேர்க்கோடுகள், எண்ணிட்ட மனைகள், வாங்கியவர் பெயர்கள். முகடு என்றும் பள்ளம் என்றும் கோடுகள் தயங்கவில்லை. லண்டன் காப்பிக் கடையில் அமர்ந்து அதைப் பார்த்த ஒருவருக்கு, தான் வாங்கப்போகும் நூறு ஏக்கரில் எண்பது ஏக்கர் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கிறது என்று எப்படித் தெரியும்? யங் தன்னோடு அகஸ்டினோ புரூனியாஸ் என்ற இத்தாலிய ஓவியரையும் அழைத்து வந்திருந்தார். அவர் வரைந்த சந்தைக் காட்சிகளில் எல்லோரும் நல்ல உடை உடுத்தி, பழம் விற்று, நடனமாடுகிறார்கள். சவுக்கு எங்கும் தெரியாது. நிலம் விற்பவர் அமர்த்திய ஓவியர் வேறு எப்படி வரைவார்? புரூனியாஸ் 1796 இல் ரோசோவிலேயே இறந்தார்.

கலினாகோ மக்களுக்கு மிஞ்சியது கிழக்குக் கரையில் சாலிபியாவில் ஒரு சிறு பாறைத் துண்டு. கடற்கரையைச் சுற்றி மூன்று சங்கிலி அகலத்துக்கு, அதாவது 66 கஜத்துக்கு, ஒரு நிலப்பட்டையை மட்டும் அரசு பாதுகாப்புக்காகத் தன்னிடமே வைத்துக்கொண்டது. இந்த மூன்று சங்கிலியை நினைவில் வையுங்கள்.

தலைநகரை எங்கே வைப்பது என்பதிலும் நிலம் தன் பேச்சைக் கேட்க வைத்தது. தீவின் நல்ல துறைமுகம் வடமேற்கில் உள்ள பிரின்ஸ் ரூபர்ட் விரிகுடா. போர்ட்ஸ்மத் என்று பெயர் வைத்து அங்கே நகரம் திட்டமிட்டார்கள். பக்கத்திலேயே பெரிய சதுப்பு; காய்ச்சல் ஆளை அள்ளிக்கொண்டு போனது. 1768 இல் தலைநகர் தெற்கே ரோசோவுக்கு மாறியது. ரோசோவில் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, திறந்த கடல்தான். ஆனால் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கொஞ்சம் சமதளமும், குடிக்க நல்ல நீரும் இருந்தன. 1766 இல் இரு ஊர்களும் சுங்கமில்லாத் துறைகளாக அறிவிக்கப்பட்டன. அந்த வணிகத்தின் முதன்மைச் சரக்கு மனிதர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே இறக்கி, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவுகளுக்கு மறுபடி விற்றார்கள்.

இறக்கியவர்களில் எல்லோரும் மறுபடி கப்பலேறவில்லை. இங்கே தோட்டத்தின் பின்வேலியைத் தாண்டினால் காடு. அரை நாள் ஏறினால் வெள்ளைக்காரன் வராத காடு. 1760-களிலேயே தப்பியோர் கூட்டம் கூட்டமாக மேலே போய்விட்டார்கள். கரீபியத் தீவுகளில் இவர்களை மரூன்கள் என்பார்கள். மலைமுகட்டில் மரங்களைக் கொஞ்சம் வெட்டி, கிழங்கும் வாழையும் நட்டு, குடிசை போட்டார்கள். கிழங்கு எது, நார் எது, மருந்து எது என்பதில் கலினாகோ அறிவும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். கண்காணிப்பு முகட்டில் ஓர் ஆள். படை ஏறுவதைக் கண்டதும் சங்கு ஊதுவார். மறுமுகட்டில் இன்னொரு சங்கு. படை மேலே வந்து சேரும்போது அடுப்புச் சாம்பல் மட்டும் சூடாக இருக்கும்.

1778 இல் இவர்களுக்கு எதிர்பாராத உதவி கிடைத்தது. அமெரிக்கப் போரில் பிரான்ஸ் இறங்கியதும், செப்டம்பர் 7 அன்று மார்ட்டினீக்கிலிருந்து வந்த படை டொமினிக்காவைப் பிடித்தது. தெற்கு முனைக் கோட்டையில் நடந்ததை தாமஸ் அட்வுட் 1791 இல் எழுதிய தீவின் வரலாற்றில் சொல்கிறார். உள்ளூர்ப் பிரெஞ்சுக்காரர்கள் முந்தின இரவு காவலர்களுக்கு மது ஊற்றிக்கொடுத்து, பீரங்கிகளின் திரித்துளைகளில் மணலை அடைத்துவிட்டார்களாம். ஐந்தாண்டுகள் பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சு ஆளுநர் மரூன்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார், ஆங்கிலத் தோட்டக்காரர்களைத் தொல்லைப்படுத்த. 1782 ஏப்ரல் 12 இல் தீவுக்கு வடக்கே கடலில் பிரிட்டிஷ் தளபதி ரோட்னி, பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். டொமினிக்காவின் உயர்ந்த மலைகள் காற்றை மறித்துத் தடுமாறவைத்த நீர்ப்பரப்பில்தான் பிரெஞ்சு வரிசை உடைந்தது. மறுவருடம் தீவு மறுபடி பிரிட்டனுக்கு. துப்பாக்கிகளை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

1785–86 இல் பெரும் மோதல். பல்லா, ஃபார்செல், கொங்கோ ரீ, ஜாக்கோ என்று தலைவர்களின் பெயர்கள் ஆங்கிலேயர் ஆவணங்களிலேயே பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனி முகாம், தனி முகடு. ஒருவர் பிடிபட்டால் மற்றவர் கதை முடிவதில்லை. பள்ளத்தாக்குகள் பிரித்த நிலத்தில் எதிர்ப்பும் அப்படியே பிரிந்து இருந்தது, அதுதான் அதன் பலம். பல்லா 1786 இல் பிடிபட்டார். ரோசோவில் இரும்புக் கூண்டில் உயிரோடு தொங்கவிட்டார்கள். உயிர் போக ஒரு வாரம் ஆயிற்று. லண்டனில் அடிமை வணிகத்துக்கு எதிராக முதல் கூட்டங்கள் கூடப்போகும் காலம் அது.

சதுப்பு இன்னொரு கலகத்தைக் கிளப்பியது. போர்ட்ஸ்மத்துக்கு வடக்கே கப்ரீ என்ற இரட்டைக் குன்றுகளில் ஷெர்லி கோட்டை. அங்கே இருந்தது எட்டாம் மேற்கிந்தியப் படைப்பிரிவு. அதன் சிப்பாய்கள் பிரிட்டிஷ் ராணுவம் விலைகொடுத்து வாங்கிய ஆப்பிரிக்கர்கள். துப்பாக்கி பிடிக்க வாங்கப்பட்டவர்களின் கையில், ஆளுநர் காக்ரன் ஜான்ஸ்டன் வெட்டுக்கத்தியைக் கொடுத்துச் சதுப்பை வெட்டிச் சுத்தம் செய்ய அனுப்பினார். சம்பளமும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. பிரான்ஸோடு சமாதானம் வந்துவிட்ட நேரம் வேறு. இனி படை தேவையில்லை, நம்மைத் தோட்டத்துக்கு விற்றுவிடப் போகிறார்கள் என்று சிப்பாய்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் முடிவு செய்ததில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. 1802 ஏப்ரல் 9 இரவு அதிகாரிகளைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். மூன்று நாள் அது அவர்கள் கையில் இருந்தது. பிறகு கடலிலிருந்தும் தரையிலிருந்தும் படை வந்து அடக்கிற்று. பலர் சுடப்பட்டார்கள், சிலர் விசாரணைக்குப்பின் தூக்கிலிடப்பட்டார்கள். ஆளுநர் மீதும் ராணுவ விசாரணை நடந்தது, விடுதலையானார். ஆனால் விஷயம் அத்துடன் அமுங்கவில்லை. சிப்பாய் அடிமையா, அரசரின் படைவீரனா என்ற கேள்வியை லண்டன் தள்ளிப்போட முடியாமல் போயிற்று. 1807 இல் வந்த சட்டம் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் அனைவரையும் சுதந்திர மனிதர்களாக்கியது. சுமார் 10,000 பேர். தோட்டத்து அடிமைகளுக்கு அந்த விடுதலை வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1805 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை மறுபடி ரோசோவில் இறங்கியது. சண்டையில் நகரம் தீப்பற்றி எரிந்தது. ஆளுநர் ஜார்ஜ் பிரவோ சரணடையவில்லை. காட்டுத் தடங்கள் வழியே வடக்கே ஷெர்லி கோட்டைக்குப் போய்ச் சேர்ந்து, வந்து பிடித்துப் பார் என்று உட்கார்ந்துகொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தாரிடம் ஒரு தொகையைக் கறந்துகொண்டு கிளம்பினார்கள். மரூன்களிடம் ஆங்கிலேயர் தோற்றுத் தோற்றுக் கற்ற பாடத்தை, அந்த ஒருமுறை ஆங்கிலேயரே பயன்படுத்திக்கொண்டார்கள்.

முடிவுப்போர் 1813–14 இல். புதிய ஆளுநர் ஜார்ஜ் எய்ன்ஸ்லி மரூன்களை வேரறுப்பதென்றே வந்தவர். முகாம்களில் பயிர்களை எரித்தார். பட்டினி போட்டால் இறங்கி வருவார்கள் என்ற கணக்கு. பிடிபட்டவர்களை விசாரித்துத் தூக்கிலிட்டார். பெண்களையும் விட்டுவைக்கவில்லை. தலைகளுக்கு விலை வைத்தார். குவாஷி என்ற மரூன் தலைவர் பதிலுக்கு ஆளுநரின் தலைக்கு விலை அறிவித்தார் என்கிறார்கள். லாயூ ஆற்றின் மலையிடுக்கில், மேலே ஒரு சமதளத்தில் ஜாக்கோவின் முகாம். அங்கே ஏறப் பாறையில் வெட்டிய படிகள் இன்றும் இருக்கின்றன. படிகள் வேண்டுமென்றே உயரமாக வெட்டப்பட்டவை; துப்பாக்கி தூக்கிய சிப்பாய் ஒவ்வொருவராக, கையை ஊன்றித்தான் ஏற முடியும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காட்டிலேயே வாழ்ந்த ஜாக்கோ 1814 ஜூலை 12 அன்று சண்டையில் கொல்லப்பட்டார். எய்ன்ஸ்லியின் கொடுமை நாடாளுமன்றம் வரை நாறியது, அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள்.

மரூன்கள் தோற்றார்கள். கரும்பு ஜெயித்ததா என்றால் இல்லை. ஆலை வைத்து அரைக்கும் அளவுக்குச் சமநிலம் ஆற்று வாய்களில் மட்டும். அங்கிருந்து சர்க்கரைப் பீப்பாயைக் கப்பலில் ஏற்ற நல்ல துறை இல்லை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வண்டிப் பாதை இல்லை. பணக்காரத் தோட்டக்காரர்கள் தங்கவில்லை. அதன் விளைவு, 1834 இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 1838 இல் முழு விடுதலை வந்தபோது வெளிப்பட்டது. அதே 1838 இல் டொமினிக்காவின் சட்டமன்றத்தில் கறுப்பர், கலப்பினத்தார் பெரும்பான்மை பெற்றார்கள். பிரிட்டிஷ் கரீபியனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறெங்கும் நடக்காதது. எதிர்த்து நிற்க வெள்ளை முதலாளிகள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பதே இதில் பாதி.

விடுதலையானவர்கள் எங்கே போனார்கள்? பார்படோஸில் போக இடமில்லை, அதே தோட்டத்தில் கூலிக்கு நின்றார்கள். இங்கே மூன்று சங்கிலி நிலம் இருந்தது. பாதுகாப்புக்காக அரசு ஒதுக்கி, பிறகு மறந்துபோன அந்தக் கரையோரப் பட்டையில் குடிசைகள் எழுந்தன. பின்னால் மலைச்சரிவில் தோட்டம், முன்னால் மீன். தீவின் கரையோர ஊர்கள் பலவற்றுக்கு ஆரம்பம் அதுதான். எந்த அதிகாரியும் திட்டமிடவில்லை. 1844 இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தபோது, மறுபடி அடிமையாக்கத்தான் பெயரெழுதுகிறார்கள் என்று மக்கள் கல்லெடுத்தார்கள். அரசாங்கம் என்றால் அவர்கள் அதுவரை கண்டது அதைத்தான்.

மலை காத்தது போதும், இனி அது கொடுக்கும் தண்டனையைப் பார்ப்போம். 1893 இல் கிழக்குக் கரையின் லா பிளேன். ரோசோவிலிருந்து அங்கே போக முதுகெலும்பு மலையைக் கால்நடையாகத் தாண்ட வேண்டும். சாலை இல்லை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக வழியில்லை. நிலவரி மட்டும் தவறாமல் வந்தது. சாலை போடாதவனுக்கு வரி எதற்கு என்று ஊர் கேட்டது. வரி கட்டாத பியேர் கொலேர் என்பவரின் வீட்டைப் பறிக்க, ஏப்ரலில் ஆளுநர் போர்க்கப்பலோடு வந்தார். கூடிய கூட்டத்தில் கல் பறந்தது, துப்பாக்கி வெடித்தது, ஊர்க்காரர் நால்வர் இறந்தார்கள். அரசு விசாரணை ஆணையர் ஒருவரை அனுப்பிற்று. அவர் வந்து போனபின் மக்களுக்குக் கிடைத்தது, 1890-களின் இறுதியில், தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத நேரடி ஆட்சி. கூடவே சாலைக்கு ஒரு மானியம்.

அந்தச் சாலைக்கு 'இம்பீரியல் சாலை' என்று பெயர். ரோசோவுக்கு மேலே ஏறி உள்மலைக்குள் போகும். 1899 முதல் ஆறு ஆண்டுகள் நிர்வாகியாக இருந்த ஹெஸ்கெத் பெல் அதன் இருபுறமும் முதல் வைத்திருக்கும் ஆங்கில இளைஞர்களைக் குடியேற்றக் கனவு கண்டார். சிலர் வந்தார்கள். எலுமிச்சையும் கொக்கோவும் நட்டார்கள். மழை மண்ணை அரித்தது, சாலையை அரித்தது. முதல் உலகப்போர் அவர்களில் பலரை அழைத்துக்கொண்டது. பையர்ஸின் நேர்க்கோடுகளுக்கு நேர்ந்ததே பெல்லின் சாலைக்கும் நேர்ந்தது. வடகிழக்குக் கரை வரை மோட்டார் போக 1950-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெல்லின் இன்னொரு காரியம் நிலைத்தது. 1903 இல் கிழக்குக் கரையில் சுமார் 3,700 ஏக்கரை கலினாகோ மக்களுக்கென்று அரசிதழில் அறிவித்து ஒதுக்கினார். தலைவருக்கு ஒரு செங்கோல், ஆண்டுக்கு 6 பவுன் படி. நல்ல நிலம் என்று சொல்ல முடியாது. நங்கூரமிட இடமில்லாத அதே அட்லாண்டிக் பக்கம். ஆனால் தனியார் யாருக்கும் விற்க முடியாத பொதுநிலம். சாலை இல்லாத அந்தக் கரையிலிருந்து அவர்கள் முன்போலவே கோமியேப் படகில் மரி-காலாந்துக்கும் குவாதலூப்புக்கும் போய்வந்தார்கள். முன்னோர் காலத்தில் அது பயணம். இப்போது நடுவே சுங்க எல்லை இருந்ததால் அதற்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர். 1930 செப்டம்பரில், அப்படி வந்த ரம்மையும் புகையிலையையும் பிடிக்கப் போலீஸார் சாலிபியாவுக்குள் நுழைந்தார்கள். இரண்டு கலினாகோ உயிர்கள் போயின, கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து நின்றது, செங்கோல் பறிக்கப்பட்டது. அடுத்த பகுதியை அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)